அவருக்கு முதலில் எது வேண்டும்? ஆளுமைப் பாணிகளும் நம் பேச்சும்

பல வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு மேலாளர் இருந்தார். நான் அவருக்கு எழுதும் மின்னஞ்சல் எப்போதும் நீளமாக இருக்கும். வேலை எங்கே தொடங்கியது, நடுவில் யார் என்ன சொன்னார்கள், எதையெல்லாம் முயன்று கைவிட்டோம், இப்போது நிலை என்ன என்று ஒன்றுவிடாமல் எழுதுவேன். பதில் வரும்: "ஓகே." சில நாள் அதுவும் கிடையாது, வெறும் "ம்." அவருக்கு என் மேல் ஏதோ கோபம் என்று ஏறக்குறைய ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் இன்னும் கவனமாக, இன்னும் நீளமாக எழுதினேன்.

ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டே விட்டேன். மனிதர் நிஜமாகவே திகைத்துப்போனார். "கோபமா? எனக்கு உங்க மேல என்ன கோபம்? ஒண்ணே ஒண்ணுதான். நீங்க எழுதுறதுல என்கிட்ட என்ன கேக்குறீங்கன்னு நாலாவது பாராவுலதான் தெரியுது. அதுக்குள்ள எனக்கு வேற போன் வந்துடுது."

விவரம் முழுதாகச் சொல்வதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். அடுத்தவர் நேரத்தை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். இருவரும் மரியாதையாகவே நடந்துகொண்டோம், இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சியது. ஆளுமைப் பாணி என்ற விஷயத்தை நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பாணி வேறு, குணம் வேறு

ஆளுமைப் பாணி என்பது, பேசும்போதும் கேட்கும்போதும் முடிவெடுக்கும்போதும் ஒருவருக்கு யோசிக்காமலே வந்துவிடும் முறை. அவர் நல்லவரா, கெட்டிக்காரரா, நம்பத்தக்கவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நடையைப் போலத்தான். சிலருக்கு வேக நடை, சிலருக்கு நிதான நடை. தனித்தனியாகப் போகும்வரை ஒரு சிக்கலும் இல்லை. சேர்ந்து நடக்கும்போதுதான் ஒருவருக்கு மற்றவர் இழுத்துக்கொண்டு ஓடுவதாகவும், இவருக்கு அவர் பின்தங்கி இழுப்பதாகவும் தோன்றுகிறது.

மனிதர்களை வகை பிரித்துப் பார்க்கும் ஆசை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், உடலில் ஓடும் நான்கு திரவங்களில் எது மிகுகிறதோ அதற்கேற்ப மனிதரின் சுபாவம் அமைகிறது என்றார். ரத்தம் மிகுந்தால் கலகலப்பு, மஞ்சள் பித்தம் மிகுந்தால் சினம், கரும்பித்தம் மிகுந்தால் சோர்வு, கபம் மிகுந்தால் நிதானம். நம் நன்னூலும் பாடம் கேட்கும் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பிரிக்கிறது. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பன்னாடை என்ற சொல் இன்றுவரை திட்டுவதற்குப் பயன்படுகிறது என்பதிலேயே இந்த வகைப்பாட்டின் போக்கு தெரிந்துவிடும். தலை மாணவர், இடை மாணவர், கடை மாணவர் என்று அது தரம் பிரிக்கிறது. ஆளுமைப் பாணி என்று இன்று சொல்வதில் தலையும் இல்லை, கடையும் இல்லை. இந்த வித்தியாசம் மனதில் நிற்காவிட்டால், கற்றுக்கொள்ளும் வகைகள் எல்லாம் புதிய வசவுச் சொற்களாகத்தான் மாறும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பேச்சைத் திரும்பத் தொடங்கி வைத்தவர் உளவியலாளர் கார்ல் யுங். 1921-இல் வெளியான நூலில் அவர் முன்வைத்த அகமுகம், புறமுகம் என்ற பிரிவுதான் இன்று 'இன்ட்ரோவர்ட்', 'எக்ஸ்ட்ரோவர்ட்' என்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1928-இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் சாதாரண மனிதர்களின் நடத்தையை நான்காகப் பிரித்தார். நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் வரும் 'டிஸ்க்' முறையின் வேர் அதுதான். ரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டுபிடிக்கும் முறையை ஆராய்ந்தவரும், 'வொண்டர் வுமன்' என்ற காமிக்ஸ் நாயகியை உருவாக்கியவரும் இதே மார்ஸ்டன்தான். ஒரு மனிதருக்குள் எத்தனை வகை என்று கேட்கத் தோன்றுகிறது.

1960-களில் டேவிட் மெரில், ரோஜர் ரீட் என்ற இருவர் இதை இன்னும் எளிமையாக்கினார்கள். மனதுக்குள் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, வெளியே கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான். அடுத்தவர் மனதை யாரும் படிக்க முடியாது. பேச்சைக் கவனிக்க முடியும்.

இரண்டே கேள்விகள்

முதல் கேள்வி: தனக்கு வேண்டியதை இவர் நேராகச் சொல்பவரா, கேள்வியாகக் கேட்பவரா?

ஒரே தேவையை இருவர் எப்படி வெளியிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர், "அந்த ஃபைலை இன்னைக்கே அனுப்பிடுங்க" என்கிறார். இன்னொருவர், "இன்னைக்கு அனுப்ப முடியுமான்னு பாருங்களேன்" என்கிறார். இருவருக்கும் ஃபைல் இன்றே வேண்டும். ஆனால் முதலாமவர் பாணியில் பழகியவர் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டால், 'முடிந்தால் அனுப்பலாம், அவசரம் இல்லை' என்று எடுத்துக்கொள்வார். இரண்டாமவர் பாணியில் பழகியவர் முதல் வாக்கியத்தைக் கேட்டால், 'என்ன இவர் அதிகாரம் பண்ணுகிறார்' என்று முகம் சுளிப்பார். எனக்குத் தெரிந்து அலுவலகத்திலும் வீட்டிலும் வரும் மனத்தாங்கல்களில் பெரும் பங்கு இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளம்புகிறது.

இரண்டாவது கேள்வி: இவர் உணர்ச்சியை முகத்திலும் குரலிலும் காட்டுகிறாரா, உள்ளே வைத்துக்கொள்கிறாரா? காட்டுபவரின் பேச்சில் மனிதர்கள் வருவார்கள், கதை வரும், கை அசையும். உள்ளே வைத்துக்கொள்பவரின் பேச்சில் வேலை வரும், தேதி வரும், எண் வரும். உள்ளே வைத்துக்கொள்பவருக்கு உணர்ச்சி இல்லை என்று அர்த்தம் அல்ல. அது வெளியே வர அவருக்கு வேறு இடம், வேறு நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு கேள்விகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். சொல்பவர், உணர்ச்சி காட்டாதவர் என்றால் அவரை முடிவுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சொல்பவர், உணர்ச்சி காட்டுபவர் என்றால் உற்சாகக்காரர். கேட்பவர், உணர்ச்சி காட்டுபவர் என்றால் அனுசரணைக்காரர். கேட்பவர், காட்டாதவர் என்றால் நுணுக்கக்காரர். இவை நான் வைத்த பெயர்கள். பயிற்சி வகுப்புகளில் டிரைவர், எக்ஸ்பிரசிவ், அமியபிள், அனலிட்டிகல் என்று கேட்டிருப்பீர்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு உரையாடலில் முதலில் எது கிடைத்தால் காது திறக்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் பயன். இதைக் கெட்ட செய்தி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். கூட்டாகச் செய்யும் ஒரு வேலை இரண்டு வாரம் தள்ளிப்போகிறது. நான்கு பேரிடம் சொல்ல வேண்டும்.

முடிவுக்காரரிடம் நேராகப் போங்கள். "ரெண்டு வாரம் தள்ளுது. சரிபார்க்குற வேலைக்கு நாம போட்ட நேரம் போதலை. ரெண்டு வழி இருக்கு. நான் முதல் வழியைச் சொல்வேன். நீங்க எதுன்னு சொல்லுங்க." அவருக்கு முதலில் வேண்டியது விளைவும், தன் கையில் ஒரு முடிவும். காரணத்தை அவரே பிறகு கேட்பார், கேட்காமலும் போவார். உற்சாகக்காரரிடம் நேரில் பேசுவது நல்லது. சுருங்கிப்போன முகத்தோடு பட்டியல் வாசித்தால் அவர் கவனம் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். "ஒரு சிக்கல், நீங்க இருந்தா ஏதாவது புதுசா யோசிக்கலாம்னு வந்தேன்" என்றால் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு யோசனை தருவார். அதில் எதை ஒப்புக்கொண்டோம் என்று அன்று மாலையே எழுதி அனுப்பிவிடுங்கள். மறுநாள் காலையில் இருவருக்கும் அது நினைவிருக்காது.

மற்ற இருவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேகமாகப் பேசுபவர்கள் நிறைந்த இடங்களில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவர்கள் அவர்கள்தான்.

"சரி" என்பதற்கு எத்தனை அர்த்தம்

அனுசரணைக்காரரிடம் இரண்டு வாரத் தாமதத்தைச் சொன்னால், "சரிங்க, பரவாயில்லை" என்பார். சொன்னவர் நிம்மதியாகத் திரும்பிவிடுவார். ஒரு மாதம் கழித்து, அந்த இரண்டு வாரமும் அவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து வேறொருவர் வேலையையும் சேர்த்துச் செய்தார், மனதுக்குள் வெந்து போயிருக்கிறார் என்று மூன்றாம் ஆள் சொல்லித் தெரியவரும். "அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டால், "நீங்க கேக்கலையே" என்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

அவருடைய "சரி" பெரும்பாலும் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டுமே பொருள்படும். சம்மதம் என்று அர்த்தம் அல்ல. உறவு கசந்துவிடக் கூடாது என்பது அவருக்கு முதல் கவலை. மறுப்பது அவருக்குக் கதவைச் சாத்துவது போல. அதனால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை அவரிடம் கேட்பதில் பிரயோசனமே இல்லை. "உங்களுக்கு ஓகேவா?" என்றால் எப்போதும் ஓகேதான். "இதுல எந்த இடம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கஷ்டம் ஒன்று இருக்கும் என்பதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அவர் இனி மறுத்துப் பேச வேண்டியதில்லை, விவரம் சொன்னால் போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அது அடுத்த சிரமம்.

நுணுக்கக்காரர் கதை வேறு. அவரிடம் அதே தாமதத்தைச் சொன்னால் கேள்விகள் வரும். எந்தத் தேதியிலிருந்து கணக்கு? பழைய மதிப்பீடு எதை வைத்துப் போட்டது? இரண்டு வாரம் என்பதற்கு ஆதாரம் என்ன, பத்து நாளா, பதினான்கு நாளா? ஐந்தாவது கேள்வியில் உற்சாகக்காரருக்குத் தாங்காது. 'இவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, எதையும் நடக்கவிட மாட்டார்' என்ற முடிவுக்கு வந்துவிடுவார். உள்ளபடி, நுணுக்கக்காரர் அந்தத் திட்டத்தை அக்கறையோடு எடுத்துக்கொண்டதற்கு அடையாளமே அந்தக் கேள்விகள்தான். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். அவர் அமைதியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அவரோடு பேசுவதற்கு எனக்குப் பலன் தந்த வழி, விவரத்தை முந்தைய நாளே எழுத்தில் கொடுத்துவிடுவது. சந்திக்கும்போது செய்தி சொல்லும் வேலை முடிந்திருக்கும், அவர் யோசித்த கேள்விகள் மட்டும் பாக்கி இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். "அது எனக்குத் தெரியலை, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்பதை அவர் பலவீனமாக எடுத்துக்கொள்ள மாட்டார். உத்தேசமாக ஒரு எண்ணைச் சொல்லி, அது தப்பாகப் போனால் மட்டும் உங்கள் அடுத்த பத்து எண்களையும் அவர் சந்தேகிப்பார்.

மூன்று நொடி

உரையாடலில் ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2009-இல் தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 10 மொழிகளின் உரையாடல்களை எடுத்து அளந்தார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சராசரி 0.2 நொடி அளவில்தான் நின்றது. கண் இமைக்கும் நேரம். யோசித்துவிட்டுப் பேசுபவர் வாய் திறப்பதற்குள் வேறு யாரோ தொடங்கிவிடுவார்கள். கூட்டம் முடியும்போது, "அவர் ஒண்ணுமே சொல்லலையே, அவருக்கு ஆட்சேபம் இல்லை போல" என்று குறிப்பு எழுதப்படும்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளில் இதையே பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லாததாகத் தெரியும். அடுத்த முறை யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். வேகக்காரருக்கு அது ஒரு யுகம்.

இந்த இடத்தில் இன்ட்ரோவர்ட் என்ற சொல்லையும் சரிசெய்துகொள்ள வேண்டும். அதைக் கூச்சம் என்ற அர்த்தத்தில் பலர் சொல்கிறார்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் கூச்சம். அகமுகம் என்பது மனம் இயல்பாக உள்நோக்கித் திரும்புவது, அதிக ஆள்கூட்டமும் அரவமும் சீக்கிரம் அலுத்துவிடுவது. மேடையில் தயங்காமல் பேசிவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்க விரும்பும் அகமுகர்கள் உண்டு. நாலு பேரோடு இருக்க ஆசைப்பட்டும் வாய் திறக்கப் பயப்படும் புறமுகர்களும் உண்டு. முதலாமவரைத் தைரியப்படுத்தத் தேவையில்லை, இரண்டாமவரைத் தனியே விட்டுவிடக் கூடாது.

எழுத்தில் வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் கிண்டலாகவும் நிஜமாகவும் வாக்கியங்களை எழுதச் சொன்னார்கள். படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் சரியாகப் புரிந்தது 56 சதவீதம். கிண்டலா, நிஜமா என்று காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது கிடைத்துவிடும்! எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. படிப்பவர் காதில் அவருடைய குரல்தான் ஒலிக்கும், அன்றைக்கு அவர் இருக்கும் மனநிலையில். என் மேலாளரின் "ஓகே" எனக்குக் கடுப்பாகக் கேட்டதற்கு என் பயம்தான் காரணம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே தட்டியிருக்கலாம்.

அறிவியல் என்ன சொல்கிறது

இணையத்தில் இருபது கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 'நீங்கள் இந்த வகை' என்று ஒரு பக்கம் வருமே, அதைப் படித்து "அட, என்னையே எழுதி வச்ச மாதிரி இருக்கே" என்று வியக்காதவர்கள் குறைவு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை என்று சொல்லிக் கொடுத்தார். எந்த அளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகு உண்மையைச் சொன்னார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாக்கியங்களைப் பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். 'சில நேரம் கலகலப்பாக இருப்பீர்கள், சில நேரம் ஒதுங்கி இருப்பீர்கள்' என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

நான்கெழுத்தில் ஆளைச் சொல்லிவிடும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை 16 வகைகளைத் தருகிறது. அதை உருவாக்கிய காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர், யுங்கின் எழுத்தில் ஈர்க்கப்பட்டவர்கள். அதன் பெரிய பலவீனம், மனிதர்களை நடுவில் கோடு போட்டு இரண்டாக வெட்டுவது. உயரத்தைப் போலத்தான் அகமுகமும் புறமுகமும். பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். கோட்டுக்கு ஒரு விரல் இந்தப் பக்கம் நிற்பவரை 'குள்ளம்' என்றும் ஒரு விரல் அந்தப் பக்கம் நிற்பவரை 'உயரம்' என்றும் எழுதினால் எப்படி இருக்கும்? அதனால்தான் சில வாரம் கழித்து அதே சோதனையை எழுதுபவர்களில் கணிசமானவர்களுக்கு ஏதாவது ஒரு எழுத்து மாறிவிடுகிறது.

ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது 'பிக் ஃபைவ்' எனப்படும் ஐந்து பண்பு அளவைகளை. அது வந்த வழி சுவாரசியமானது. மனிதர்களுக்கிடையே முக்கியமான வேறுபாடு ஏதும் இருந்தால் அதற்கு மொழியில் ஒரு சொல் பிறந்திருக்கும் என்ற எண்ணத்தில், 1936-இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஒட்பர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி மனிதரை விவரிக்கும் சொற்கள் சுமார் 18,000-ஐத் திரட்டினார்கள். அதில் நிலையான பண்பைக் குறிப்பவை சுமார் 4,500. பின்வந்தவர்கள் பல பத்தாண்டுகள் அவற்றைப் புள்ளியியலால் சலித்துச் சலித்து ஐந்து தொகுதிகளுக்குக் கொண்டுவந்தார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், உணர்ச்சித் தத்தளிப்பு. இதில் நீங்கள் இந்த வகை, அவர் அந்த வகை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு இருக்கிறது.

அப்படியானால் மேலே சொன்ன நான்கு கட்டம் எதற்கு? எனக்கு அது கையால் வரைந்த வழிப்படம் மாதிரி. அளவுகோலுக்குப் பொருந்தாது, ஆனால் முதல் திருப்பம் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். அதை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதோ மறுப்பதோ கூடாது. ஒரு உரையாடலை எப்படித் தொடங்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம் தப்பினால் அடுத்த வாக்கியத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஊகம் தப்பும். ஒரே ஆள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வில்லியம் ஃபிளீசன் 2001-இல் வெளியிட்ட ஆய்வுகளில், சில வாரங்களுக்கு ஒரு நாளில் பல முறை ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பதிவு செய்யச் சொன்னார். அகமுகர் என்று அறியப்பட்டவர்களும் தினமும் சில மணி நேரங்களில் கலகலவென்று இருந்தார்கள், புறமுகர்களும் ஒடுங்கிப்போன நேரங்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொருவரின் சராசரி மட்டும் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறவில்லை. நாம் 'பாணி' என்று பார்ப்பது அந்தச் சராசரியை. இந்த நிமிடம் நம் எதிரில் இருப்பவர் சராசரி அல்ல. தூக்கம் கெட்டிருக்கலாம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கலாம்.

பிறர் விஷயத்தில் இதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். நான் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் வழியில் நெரிசல், நீங்கள் தாமதமாக வந்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை. நடத்தைக்குச் சூழ்நிலையைக் காரணமாகப் பார்க்காமல் ஆளின் குணத்தைக் காரணமாக்கும் இந்தப் பிழைக்கு, 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் 'அடிப்படைக் கற்பிதப் பிழை' என்ற பொருளில் பெயரே வைத்தார். ஆளுமை வகைகளைப் புதிதாகக் கற்றவர்களுக்கு இந்தப் பிழை கூடுவதைப் பார்த்திருக்கிறேன். முன்பு "ஏன் இப்படிச் செஞ்சார்?" என்றாவது கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வகுப்புக்குப் போய்வந்ததும் "அவர் டிரைவர் டைப், அப்படித்தான்" என்று கேள்வியையே மூடிவிடுகிறார்கள்.

வளைவது யார்?

மெரிலும் ரீடும் நான்கு பாணிகளோடு நிற்கவில்லை. எதிரில் இருப்பவர் இறுக்கமில்லாமல் பேசும்படி தன் பாணியைச் சற்று மாற்றிக்கொள்ளும் திறனையும் தனியே ஒரு அளவாகச் சேர்த்தார்கள். எந்தப் பாணிக்காரரும் அதைப் பழகிக்கொள்ளலாம். என் அனுபவத்தில், அடுத்தவரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று யோசிப்பதைவிட நான் எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டதுதான் அதிகம் உதவியது. அதை நம்மிடம் நாமே கேட்டுத் தெரிந்துகொள்வது கடினம். கூட வேலை செய்பவர் ஒருவரிடம், "என்னோட பேசுறதுல உங்களுக்கு எது அலுப்பா இருக்கு?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்பவருக்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

இன்னொரு துப்பு, நம் எரிச்சல். யாரைப் பார்த்து 'இழுத்துக்கொண்டே போகிறார்' என்று தோன்றுகிறதோ அவரைவிட நான் வேகம். யார் 'முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறார்' என்று தோன்றுகிறதோ அவரைவிட நான் சுற்றி வளைப்பவன். எரிச்சல் அவரைப் பற்றிச் சொல்வது பாதி, என்னைப் பற்றிச் சொல்வது பாதி.

வீட்டில் இதற்கு இன்னும் கூர்மை. என் அக்கா வேலையிடத்தில் நடந்த ஒரு பிரச்சினையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாக்கியத்திலேயே நான் தீர்வு சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இப்படிப் பேசு, அப்படி எழுதிக் கொடு, இன்னாரைப் பார். "டேய், உன்கிட்ட நான் வழி கேட்டேனா? சும்மா கேளேன்டா" என்றாள். அலுவலகத்தில் நீள மின்னஞ்சல் எழுதிய அதே ஆள் வீட்டில் அவசர முடிவுக்காரன். அன்றிலிருந்து அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "கேக்கணுமா, யோசனை சொல்லணுமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கொஞ்சம் அசட்டுத்தனமான கேள்விதான். ஆனால் எந்த ஆளுமைச் சோதனையையும்விட இது துல்லியம், பதில் உடனே கிடைத்துவிடுகிறது.

சில எச்சரிக்கைகள் மட்டும். "நான் அப்படித்தான், பட்டுன்னு பேசிடுவேன்" என்பது பாணியை விளக்குவது அல்ல, மன்னிப்புக் கேட்காமல் தப்பிப்பது. அவமதிப்பது, மிரட்டுவது, பிறர் உழைப்பைத் தன் பெயரில் சொல்லிக்கொள்வது இதெல்லாம் எந்தப் பாணியிலும் அடங்காது. அவற்றைப் 'புரிந்துகொள்ள' வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அதேபோல, எப்போதும் கீழே இருப்பவர் மட்டுமே மேலே இருப்பவரின் பாணிக்கு வளைந்துகொண்டிருந்தால் அதைத் தொடர்புத் திறன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடையைச் சரிசெய்யும் பொறுப்பு வேகமாக நடப்பவருக்குத்தான் அதிகம். பின்தங்கியவரால் ஓடித்தான் வர முடியும், முன்னால் போனவர் நின்றாலே போதும்.

அந்த மேலாளருக்கு அதன் பிறகு நான் எழுதிய மின்னஞ்சல்களில் முதல் வரியில் கேள்வி இருக்கும், இரண்டாவது வரியில் என் பரிந்துரை. விவரம் வேண்டுமென்றால் கீழே என்று ஒரு கோடு போட்டுவிடுவேன். பதில் வழக்கம்போல "ஓகே" என்றுதான் வந்தது, ஆனால் ஐந்து நிமிடத்தில் வந்தது. ஒருநாள் நிஜமாகவே அவசரத்தில் இரண்டே வரி எழுதி, கீழே எதுவும் போடாமல் அனுப்பிவிட்டேன். உடனே போன் அடித்தது. "என்ன ஆச்சு? ரெண்டே வரி எழுதியிருக்கீங்க. உங்களுக்கு ஏதும் கோபமா?"